முப்பத்தொரு பங்கு

மகள் இருந்தவரை, மாலையில் மூன்று பேரும் சமையலறையில் நின்றபடியே பாடுவார்கள். அப்பா ச-வைப் பிடித்துக்கொள்வார். அம்மா ப. மகள் க-வில் நிற்பாள். பாட்டு முடியும் இடத்தில் நி-க்கு ஏறுவாள். வாத்தியம் கிடையாது. அப்பாவுக்குத் தொழில் கீபோர்டு பழுதுபார்ப்பது. பகலெல்லாம் அதைக் கேட்டது போதும் என்பார்.

காய்ச்சல் என்று மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவள் திரும்பி வரவில்லை.

மனைவி அதன்பின் வாய் திறப்பதே அரிதாயிற்று. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். டாக்டர் எழுதித் தந்த மாத்திரை தூக்கத்தைத் தந்தது, வேறொன்றையும் தரவில்லை. பாடினால் பிழைத்துக்கொள்வாள் என்று கணவருக்குப் பட்டது. கடையிலிருந்து ஒரு கீபோர்டைக் கொண்டுவந்தார். தாம் ச-வை முனகிக்கொண்டே, மகளின் க-வை விரலால் அழுத்தினார்.

அவள் முகம் சுளித்தாள்.

"இது அவ இல்ல. அவ இவ்வளவு மேல நிக்க மாட்டா."

அது சரிதான். ஒரு தந்தியை மீட்டினால் அது முழுசாக மட்டும் அதிர்வதில்லை. மூன்றாக, ஐந்தாக, ஏழாகப் பிரிந்தும் அதிர்கிறது. அந்தச் சின்ன ஒலிகள் பெரிய ஒலிக்குள்ளேயே குடியிருக்கின்றன. மூன்றில் ப, ஐந்தில் க, ஏழில் மகள் தொட்ட அந்த நி. காதுள்ள குரல் தானாக அங்கே போய் உட்காரும். கீபோர்டு உட்காராது. அதில் ச-விலிருந்து மேல் ச வரை பன்னிரண்டு சம பங்கு. ஒரு பங்கை நூறு புள்ளியாக எண்ணினால் ப இரண்டு புள்ளிதான் பிசகும். க பதினான்கு புள்ளி மேலே நிற்கும். நி-யைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கட்டைகளைத் தனித்தனியாகத் திருத்திப் பார்த்தார். அவர்கள் பாட்டில் பாதி வழியில் ச இடம் மாறும்; முதல் ச-வுக்குப் பொருந்தியது அடுத்த ச-வுக்கு நாராசமானது. சம பங்காக இருந்தால்தான் எங்கே தொடங்கினாலும் ஒன்றுபோல் இருக்கும். ஆகவே பங்குகளின் எண்ணிக்கையைக் கூட்டினார். கடையில் வாடிக்கையாளர் வேலை கிடப்பில் கிடந்தது. மனைவியின் தம்பி வந்து, திறந்துகிடந்த கீபோர்டின் வயிற்றை எட்டிப் பார்த்தான்.

"சொத்து பிரிக்கிற மாதிரில்ல பிரிச்சு வெச்சிருக்கீங்க மாமா. சமமாப் பிரிச்சா ஒருத்தனுக்கும் திருப்தி இருக்காது, தெரியுமில்ல?"

அவர் பற்றவைப்பதிலிருந்து நிமிரவில்லை.

ஐம்பத்துமூன்று பங்கு போட்டால் ப அச்சாக அமர்ந்தது. க-வும் ஏறக்குறைய. நி மட்டும் ஐந்து புள்ளி விலகி நின்றது. முப்பத்தொன்று போட்டால் க-வும் நி-யும் மகள் நின்ற இடத்திலேயே நின்றன. ப ஐந்து புள்ளி கீழே போயிற்று.

ப மனைவியின் இடம். அவர் முப்பத்தொன்றை வைத்துக்கொண்டார். உயிரோடிருப்பவள் அனுசரித்துக்கொள்வாள் என்று நினைத்தார்.

அன்று மாலை நி-யை அழுத்தியதும் மனைவி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"அவதான்," என்றாள்.

அவள் குரல் தனியே எழவில்லை. அவள் பிடித்துக்கொள்ள ப-வையும் அழுத்தினார். அவள் தன் பழைய இடத்துக்குப் போனாள். அவள் குரலுக்கும் கட்டைக்கும் இடையே மெல்லிய நடுக்கம் ஓடியது. தப்பு தன்னுடையதென்று எண்ணிக் குரலைத் தாழ்த்தினாள். கட்டையோடு நடுக்கம் நின்றது; அவர் முனகிய ச-வோடு தொடங்கியது. அவர் கட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

அதன்பின் தினமும் பாடினார்கள். அவள் தலை வாரினாள். மாத்திரையை நிறுத்தினாள். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டைகூடப் போட்டாள். அவருக்கு நிம்மதியாக இருந்தது.

மழைக்காலத்தில் தம்பி சாப்பிட வந்திருந்தான். அந்தக் கீபோர்டுப் பெட்டி இல்லாமல் முன்போலப் பாடுங்கள், கேட்டு எத்தனை நாளாயிற்று என்றான். அவள் உடனே எழுந்து அடுப்போரம் போய் நின்றாள்.

அவர் ச-வைப் பிடித்தார். அவள் ப-வுக்கு வந்தாள்.

இருவர் குரலுக்கும் இடையே அதே நடுக்கம் இருந்தது. பெட்டி மூடியிருந்தது.

தம்பி சாப்பாட்டிலிருந்து கையெடுத்தான்.

"அக்கா, எறங்கி நிக்கிற."

"எனக்குச் சரியாத்தான் இருக்கு," என்றவள் கணவரைப் பார்த்தாள். "இல்லீங்க?"

"சரியா இருக்கு," என்றார் அவர்.

மறுபடி தொடங்கினார்கள். இம்முறை அவள் நின்ற இடத்துக்குப் பொருந்தும்படி அவர் தம் ச-வை ஐந்து புள்ளி தாழ்த்தினார். ஒரு கணம் எல்லாம் அசையாமல் நின்றது. அவளுக்கு அது பொறுக்கவில்லை. பழகிய நடுக்கம் இல்லாமல் ஏதோ குறைகிறதென்று காதைச் சாய்த்து, அவளும் கொஞ்சம் இறங்கினாள்.

அவர் இன்னும் தாழ்த்தினார். அவளும் இறங்கினாள்.