மேகத்துக்குள் உரசுகிற ஐஸ்

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியார் மயிலம்மாளைக் கண்டால் ரஞ்சிதாவுக்குக் கொஞ்சம் நடுக்கம்தான். அன்று மத்தியானம் மலைமேல் ஆலத்தூர் நாட்டு மேட்டுக்காட்டில் இருவரும் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கிழங்கு ஏற்ற வந்த ரஞ்சிதாவின் புருஷன் கோகுல், பிக்கப் வண்டிக்குள்ளேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மேற்கே மேகம் திரண்டு கருத்தது. காற்று சட்டென்று அடங்கியது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த ரஞ்சிதா திகைத்துப்போனாள். மாமியாரின் நரைமுடி ஒவ்வொன்றும் வானத்தைப் பார்த்து விறைத்து நின்றது, விளக்கமாற்றைத் தலைகீழாக நட்டுவைத்ததுபோல. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பு பீறிட்டது.

"எதுக்குடி இளிக்கிற? உந்தலையத் தொட்டுப் பாரு, பலாப்பழமாட்ட நிக்குது!"

தொட்டாள். கைமுடியும் எழுந்து நின்றது. கல்லூரியில் படித்த இயற்பியல் பளிச்சென்று உறைத்தது.

"அத்தை, ஓடுங்க! இங்கதான் மின்னல் உழுகப்போவுது!"

மாமியாரின் கையைப் பற்றித் தரதரவென்று இழுத்து ஓடினாள். இருவரும் வண்டிக்குள் பாய்ந்தார்கள். மயிலம்மாள் போய் விழுந்தது தூங்கிய மகனின் மடியில். கதவைச் சாத்தியதுதான் தாமதம், உலகமே வெள்ளையானது. அவர்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலிருந்த சில்வர் ஓக் மரம், மேலே ஏறியிருந்த மிளகுக்கொடியோடு பிளந்து புகைந்தது.

"ஆருடா அது வெடி வெச்சது?" என்று அலறி எழுந்த கோகுலின் முகத்தைப் பார்த்ததும் மயிலம்மாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ரஞ்சிதாவுக்கு. உயிர் தப்பிய குஷியில் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

"நம்ம முடி ஏன் கண்ணு அப்படி நின்னுச்சு?"

"மேகத்துக்குள்ள ஐஸ்துணுக்கு ஒண்ணோட ஒண்ணு ஒரசிக்கிட்டே இருக்குமுங்க அத்தை. அதுல கரண்டு சேந்துரும். அடிமேகத்துல ஒரு வகைக் கரண்டு நெறைஞ்சா, அது தரையில இருக்கற எதிர்வகையை மேல இழுக்கும். அது நம்ம மேல ஏறி வந்துதான் முடியத் தூக்கிருச்சு. ரெண்டும் சேர்ற வெட்டுத்தான் மின்னல். இந்தத் தகரக் கூண்டுக்குள்ள இருந்தா, அது வெளிப்பக்கமாவே எறங்கிப் போயிருமுங்க."

"இந்த வேக்காட்டுல மேல ஐஸா? ஆருகிட்டடி கதை உடற?"

டமார், டமார் என்று வண்டிக் கூரைமேல் ஆலங்கட்டி கொட்டத் தொடங்கியது. மயிலம்மாள் வாயைப் பிளந்தாள். ஒரு கட்டியைப் பொறுக்கக் கண்ணாடியை இறக்கி வெளியே கையை நீட்டினாள்.

"கைய உள்ள வைங்க!" என்று ரஞ்சிதா அதட்டினாள்.

மயிலம்மாள் வெடுக்கென்று கையை இழுத்து, சமர்த்தாக மடியில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்துக் கோகுல் சிரித்த சிரிப்பில் வண்டியே குலுங்கியது.