நாற்பத்து மூன்றாம் இலக்கத்துக் குடி

லண்டன் மனோர் பார்க்கில், சேர்ச் ரோட்டுக்குப் பின்னால் உள்ள ஒரு தெருவில், அம்பலவாணன் குடித்துவிட்டு வருகிற நாட்களில் நாற்பத்து மூன்றாம் இலக்க வீடு இருக்காது. நாற்பத்தொன்று இருக்கும், நாற்பத்தைந்து இருக்கும், இரண்டும் ஒரே செங்கல் சுவராய் ஒட்டிக்கொண்டு நிற்கும். அவர் தெருமுனையைத் தாண்டிப் போனதும் வீடு திரும்ப வந்து தன் இடத்தில் நிற்கும். இது எண்பத்தேழாம் ஆண்டு தொடங்கியது. அந்த ஆண்டு பெரும் புயல் அடித்து லண்டன் முழுக்க மரங்கள் விழுந்து கிடந்தபடியால், ஒரு வீடு போய் வருவதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அம்பலவாணன் யாழ்ப்பாணத்து ஊரில் கள்ளுக் கொட்டில் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனுசன். லண்டனுக்கு வந்து ஸ்ட்ராட்ஃபோர்ட்டில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் விடியற்காலை ஷிப்டில் சேர்ந்தார். மத்தியானம் வேலை முடிந்தால் முழு நாளும் மிச்சம் கிடக்கும், என்ன செய்வது? கூட வேலை செய்த சவிரிமுத்து பூங்கா வாங்கில் இருத்தி ஒரு டின் பியரை உடைத்துக் கையில் கொடுத்தார். அன்று வீட்டுக் கதவு கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. அவர் பக்கவாட்டில் திரும்பி நுழைந்தார், பாண் தின்று வயிறு வைத்துவிட்டது என்று நினைத்தார். மூன்று டின்னுக்குக் கதவே போய், கடிதம் போடுகிற வாய் மட்டும் சுவரில் மிஞ்சியது. அரைப் போத்தல் விஸ்கிக்கு அதுவும் இல்லை. நாற்பத்தைந்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி, வீடுகள் நெருங்கும்போது தன் அலுமாரித் தட்டுகள் வழுக்குகின்றன என்று முறையிட்டு, பிறகு அவற்றை நூலால் கட்டிவைத்தார். கவுன்சிலில் இருந்து ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். அது அம்பலவாணன் குடிக்காத நாள். வந்தவர் வீடு இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே இருந்த மனைவி தவநாயகிக்கு இது வேறு விதமாகத் தெரியும். முன் ஜன்னல் திடீரென்று செங்கல்லாகி அறை இருண்டால், மழையில்லை, மனுசன்தான் என்று விளங்கிக்கொண்டு சோற்றை மூடிவைப்பார். வாசற்கதவைத் திறந்தாலும் அப்பால் சுவர்தான். சுவருக்கு மறுபக்கம் அம்பலவாணன் கற்களைத் தடவித் தடவி, "நாயகி, கதவைத் திற" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு மேலும் கீழும் நடப்பது காதில் விழும். அவர் அலுத்துப்போய் பஸ் தரிப்பில் படுத்து, வெறி முறிந்து வந்து, ஆறின சோற்றைத் தின்பார். மகள் ரதி வீட்டுப்பாடத்தை லைட் போட்டுக்கொண்டு செய்யப் பழகிவிட்டாள்.

எண்பத்தொன்பதில் பிளேஸ்டோவில், ஒரு லோண்டிரிக்கு மேல் மாடியில், கவுன்சில் ஓர் ஆலோசனை நிலையம் திறந்தது. குடிக்கிறவர்களுக்கும், சிகரெட்டை விட முடியாதவர்களுக்கும், ஊசியால் போதை ஏற்றுகிறவர்களுக்கும் ஒரே இடம். தமிழருக்கென்று பவளக்கொடியை வேலைக்கு வைத்தார்கள். அவர் மலேசியாவின் ஈப்போவில் இருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஒரு துண்டுப் பிரசுரம் எழுதி, கோயிலிலும் மரக்கறிக் கடைகளிலும் வைத்தார். 'குடிச் சிக்கலா? வெட்கம் வேண்டாம். நேரில் வாருங்கள். யாருக்கும் சொல்ல மாட்டோம்' என்பதுதான் அதில் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை வரிசை மாடிப்படி இறங்கி, லோண்டிரியைத் தாண்டி, தெருவுக்கே வந்துவிட்டது. அந்த நாளில் லண்டனில் இருந்த யாழ்ப்பாணத்துச் சனத்துக்குக் குடிச் சிக்கல் என்றால் வேறென்ன, குடிவரவுச் சிக்கல், விசாச் சிக்கல்தான். அது இல்லாத வீடு எங்கே இருந்தது? முதலாவதாக வந்த கணேசலிங்கத்திடம், எப்போதிலிருந்து என்று பவளக்கொடி கேட்டார். எண்பத்தாறிலிருந்து என்றார். தினமுமா என்றதற்கு, ஓம், நாள் முழுக்க அதே யோசனைதான் என்றார். வீட்டில் வேறு யாருக்கும் உண்டா என்றபோது, மனிசிக்கும் உண்டு, இரண்டு வயதுப் பிள்ளைக்குத்தான் கூடின சிக்கல் என்றார். பவளக்கொடி பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

விசயம் விளங்கிய பிறகும் அவர் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. சட்ட உதவிக்காரர்களுக்குப் போன் போட்டுக் கொடுத்தார், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். வரிசையில் சிலர், நீங்கள் போங்கோ, நீங்கள் போங்கோ என்று மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டு, எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, "பிள்ளை, எனக்கு மற்றக் குடி" என்பார்கள். படியில் நிற்கிறவன் எந்தக் குடிக்கு நிற்கிறான் என்று முருகனுக்கும் தெரியாது. பவளக்கொடி அந்தப் பிரசுரத்தைத் திருத்தவேயில்லை.

பக்கத்து அறையில் வெள்ளைக்கார இளைஞர்கள் பாவித்த ஊசிகளை மஞ்சள் பெட்டியில் போட்டுவிட்டுப் புது ஊசி வாங்கிப் போவார்கள். நம்முடைய சனம் அவர்களுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு என்றே நம்பியது. இந்த வயதிலேயே வந்துவிட்டதே என்று பரிதாபப்பட்டு, பாவக்காய்க் கறியைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தவர்களும் உண்டு. அந்தப் பையன்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றார்கள். லோண்டிரியின் சவர்க்கார வாசமும், பாவக்காயும், தேத்தண்ணியும் கலந்த அந்தப் படிக்கட்டை நினைத்தால் இன்றைக்கும் பலருக்கு நெஞ்சு இளகும். அப்படி எல்லாரும் ஒரே படியில் நின்ற காலம் பிறகு வரவில்லை.

அம்பலவாணன் மட்டும் அங்கே போகவில்லை. தனக்குச் சிக்கல் இல்லை, வீட்டுக்குத்தான் சிக்கல் என்பது அவர் வாதம்.

தொண்ணூற்றொன்று பெப்ரவரியில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஒரு பின்னேரம் ரதிக்கு முட்டு வருத்தம் கூடி மூச்சு எடுக்க ஏலாமல் போனது. தவநாயகி அம்புலன்ஸுக்குப் போன் பண்ணிவிட்டுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்திருந்தார். ஜன்னல் இருண்டது. அம்பலவாணன் அரைப் போத்தலோடு தெருவுக்குள் வந்துவிட்டார். அம்புலன்ஸும் வந்தது. நாற்பத்தொன்றைப் பார்த்தார்கள், நாற்பத்தைந்தைப் பார்த்தார்கள், மேலும் கீழும் ஓட்டினார்கள். என்ன தேடுகிறீர்கள் என்று அம்பலவாணன்தான் போய் உதவியாகக் கேட்டார். நாற்பத்து மூன்று, ஒரு பெண்பிள்ளைக்கு மூச்சு இல்லை என்றார்கள். அந்த நேரம் சுவருக்குள்ளிருந்து தவநாயகி கையால் அடிக்கிற சத்தம் கேட்டது.

அவருக்கு வெறியெல்லாம் ஒரே கணத்தில் இறங்கியது போலிருந்தது, ஆனால் வீடு வரவில்லை. வீட்டுக்கு அவருடைய மனது கணக்கில்லை, வயிற்றில் இருப்பதுதான் கணக்கு. தான் அங்கே நிற்கும்வரை பிள்ளைக்குக் கதவு இல்லை என்று விளங்கியதும் அவர் ஓடினார். வழுக்கி விழுந்து, முழங்காலில் தவழ்ந்து, தெருமுனையைத் தாண்டி ஒரு சுவரோடு சாய்ந்து அழுதார். பின்னால் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. சொந்தப் பிள்ளையைக் காப்பாற்ற ஒரு தகப்பன் செய்யக்கூடியது அவளிடமிருந்து ஓடுவதுதான் என்றால் அவன் என்ன தகப்பன் என்று பிறகு பலமுறை தன்னையே கேட்டார். ரதி பிழைத்தாள்.

அடுத்த திங்கள் அவர் பிளேஸ்டோ போய், எல்லாரையும் முன்னால் விட்டு, கடைசியில் உள்ளே போனார். "மற்றக் குடி" என்றார். வீட்டுக் கதையையும் சொன்னார். பவளக்கொடி அசரவில்லை. வெம்பிளியில் இருந்து வருகிற கோபாலனுக்கு வாயைத் திறந்தால் சொல் வராமல் சிகரெட் புகை மட்டும் வருவதைப் பார்த்தவர் அவர். இன்றோடு ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று அம்பலவாணன் சத்தியம் பண்ணப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினார். திடீரென்று விட்டால் உடம்பு தாங்காது, வலிப்பு வரும், டொக்டரையும் வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் குறைப்போம் என்றார்.

இதைக் கேட்ட தவநாயகிக்குப் பத்திக்கொண்டு வந்தது. நேரே நிலையத்துக்குப் போனார்.

"குறைச்சுக் குடிக்கச் சொல்லவோ பிள்ளை கவுன்சில் உமக்குச் சம்பளம் தருது?"

"மொதல்ல கதவு தெரியட்டும் அக்கா. அப்புறம் வீட்டைப் பார்ப்போம்."

முதலில் கடிதம் போடுகிற வாய் வந்தது. அம்பலவாணன் நடைபாதையில் குந்தியிருந்து அதன் வழியாக ரதியோடு கதைத்தார். அவள் கணக்குக் கொப்பியைச் சுருட்டி வெளியே நீட்டுவாள், அவர் திருத்தி உள்ளே தள்ளுவார். அந்த இலையுதிர் காலத்தில் கதவின் விளிம்பு தெரிந்தது. மார்கழியில் மூச்சை அடக்கி, மூக்கு உரச, பக்கவாட்டில் உள்ளே போய்ச் சூடான சோறு தின்றார். தவநாயகி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இன்னொரு அகப்பை போட்டார். இடையில் ஒருமுறை வேலை போன கவலையில் ஒரு கிழமை முழுக்க வீடு காணாமலும் போனது. திங்கட்கிழமை பவளக்கொடி அதற்கும் முகம் கறுக்கவில்லை.

தொண்ணூற்று மூன்றில் நிலையத்துக்குப் புது மேலாளர் வந்தார். இத்தனை தமிழரும் உண்மையில் விசாவுக்கு வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பிழையைத் திருத்தினார். முறையான மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, 'மதுப் பழக்க ஆலோசனை நிலையம்' என்று தெருவில் போகிற குருடனுக்கும் தெரிகிற எழுத்தில் பலகை மாட்டினார். அடுத்த திங்கள் படிக்கட்டில் ஒரு காக்கை குருவி இல்லை. விசாக்காரர்கள் போனார்கள், அவர்களுடைய நிழலில் நின்ற மற்றக் குடிக்காரர்களும் போனார்கள். நிலையத்துக்கு நேர் எதிரே பஸ் தரிப்பு. அங்கே எப்போதும் நாலு தமிழ் முகங்கள் நிற்கும். சவிரிமுத்து பலகையைப் பார்த்தார், முகங்களைப் பார்த்தார், வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார். ஆட்கள் வராவிட்டால் தமிழ் வேலையை நிறுத்திவிடுவோம் என்று பவளக்கொடிக்குச் சொல்லப்பட்டது.

அம்பலவாணனும் பஸ் தரிப்பில் நின்றார். பஸ்கள் வந்து போயின, அவர் ஏறவுமில்லை, தெருவைக் கடக்கவுமில்லை. சில வாரமாக இப்படித்தான். திங்கட்கிழமை இல்லாமல் டின்கள் கூடி, கதவு போய், மீண்டும் கடித வாய்க்கே வந்திருந்தது. இனி அதுவும் மூடிக்கொண்டால் திரும்ப வராது என்று அவருக்குப் பயம். ஆனாலும் கால் எழவில்லை, ஊர் பார்க்கிறதே.

அப்போது தவநாயகி மரக்கறிப் பையோடு வந்து பக்கத்தில் நின்றார். தரிப்பில் நின்ற சந்திரவதனா, கோயில் பழக்கத்தில், என்ன இந்தப் பக்கம் என்று கேட்டார்.

"குடி அலுவல்," என்றார் தவநாயகி.

"எந்தக் குடி அக்கா?"

தவநாயகி புருசனுடைய கையைப் பிடித்தார். கலியாணத்துக்குப் பிறகு தெருவில் வைத்து அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"ரெண்டும்தான். இவர் குடிச்சால் எங்களுக்குக் குடியிருக்க வீடில்லை. இஞ்சேருங்கோ, வாங்கோ."

இரண்டு பேரும் தெருவைக் கடந்து, பலகைக்குக் கீழால், எல்லாரும் பார்க்க ஏறிப் போனார்கள். அடுத்த திங்கள் சந்திரவதனா தன் புருசனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்கு அடுத்த திங்கள் சவிரிமுத்து, மப்ளரால் முகத்தை மூடிக்கொண்டு. கொஞ்ச நாளில் மப்ளரும் போனது. நிலையம் அதன்பின் மூன்று வருசம் நடந்து, காசில்லை என்று மூடப்பட்டது. பவளக்கொடி வேறு ஊருக்கு வேலைக்குப் போனார், பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவார். எடுத்தவுடன் கதவு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார்.

கதவு நன்றாக இருந்தது. சனிக்கிழமைக்கு ஒரு டின் என்று கடைசியில் வந்து நின்றார்கள், அதற்கு மேல் இறங்க அம்பலவாணனால் ஏலவில்லை, யாரும் நெருக்கவுமில்லை. சனிக்கிழமை இரவு ஒடுங்குகிற கதவு ஞாயிறு மத்தியானம் வரை ஒடுங்கியே நிற்கும். வீட்டார் மூன்று பேரும் ஞாயிறு கோயிலுக்குப் பக்கவாட்டில்தான் வெளியே வருவார்கள். தவநாயகி சேலைக் கொசுவத்தைக் கையால் அமத்திக்கொண்டு வருவார்.

தொண்ணூற்றெட்டில் ரதிக்கு மஞ்செஸ்டரில் பல்கலைக்கழகம் கிடைத்தது. ஒரு ஞாயிறு காலை புறப்பாடு. வெம்பிளியில் வாங்கிய பெரிய சூட்கேஸை, அரிசி, மிளகாய்த்தூள் எல்லாம் அடைத்து, அவள் படியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தாள். வாசலுக்கு வந்ததும் பழக்கத்தில் அதை ஒருக்களித்துத் திருப்பினாள்.

"திருப்பத் தேவையில்லை, பிள்ளை," என்றார் அம்பலவாணன். "நேராய்ப் போகும்."

கதவு முழு அகலத்துக்கு நின்றது. சூட்கேஸ் இரண்டு பக்கமும் முட்டாமல் நேராக வெளியே போனது. சமையலறை அலுமாரியில் சனிக்கிழமை டின் உடைக்காமல் அப்படியே இருந்ததைத் தவநாயகி காலையிலேயே பார்த்திருந்தார். காரில் ஏறப் போன ரதி திரும்பி வந்து தகப்பனைக் கட்டிப்பிடித்தாள். எப்போதும் அவரோடு இங்கிலீஷில் கதைக்கிறவள் அன்று தமிழில் கேட்டாள்.

"நான் லீவுக்கு வரேக்க வீடு நிக்குமோ, அப்பா?"

"நிக்கும்," என்றார்.

கார் தெருமுனையில் திரும்பிய பிறகும் அவர் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நடு வாசலில் நேராக நின்றார். குளிர் வருகுது, சாத்திப்போட்டு வாங்கோ என்று தவநாயகி உள்ளே இருந்து சொன்னார்.