அப்பா கடையின் பின்பால் மெஷின்

சிகாகோவில் அப்பாவின் மதுக்கடையில் நின்ற, காசு போட்டுப் பந்தை அடித்து ஆடும் பின்பால் மெஷினை என் வீட்டுக் கீழ்த்தளத்தில் வைத்து இரண்டு வருடமாகப் பழுதுபார்த்தேன். சிவப்பு வளையத்தில் பந்து பட்டால் இலவச ஆட்டம் கிடைக்க வேண்டும். பத்து வயதில் பந்து பட்டும் ஆட்டம் வராத கோபத்தில் நான் மெஷினை உலுக்கியபோது, “ஏமாத்தப் பாக்குறியா, நாயே?” என்று கடையில் எல்லார் முன்னாலும் அப்பா அறைந்தார்.

இன்று அந்த வளையத்தின் அடியில், பந்து பட்டாலும் மின்சாரம் பாயாதபடி இரு தகடுகளுக்கு நடுவே ஓர் அட்டைத் துண்டு செருகப்பட்டிருந்தது. அண்ணன் காசிமிரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“இன்னும் இருக்கா? அப்பா சொல்லி நான்தான்டா வச்சேன்.”

“நான் அடி வாங்கினப்போ நீயும் அங்கதானே நின்னே?”

“அதுக்கு? கடை நடக்க வேணாமா?”