ஆர்லோவின் பெயரில் ஒரு வழக்கு

டார்லோ கவுண்டி என்கிற அந்த மாவட்டத்தில் ஜாதகம் பார்க்கிற வழக்கமில்லை. கல்யாணப் பேச்சு வந்தால், மாப்பிள்ளையின் பெயரை, வழக்கிலிருந்து கல்யாணப் பதிவு வரை எல்லாம் ஏறும் கவுண்டியின் இணையப் பக்கத்தில் தட்டிப் பார்ப்பார்கள். ஜெனீவாவுக்கு அறுபது தாண்டியும் அக்கா லொரைன் அவளை விடவில்லை. முதல் புருஷன் கை நீட்டுகிறவன் என்பது தாலி... மோதிரம் ஏறிய பிறகுதானே தெரிந்தது என்று நச்சரித்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள்.

ஆர்லோ கெஸ்லர் என்று தட்டியதும் ஒரே ஒரு வரி வந்தது. தாக்குதல் வழக்கு. விவரம் வேண்டுவோர் கவுண்டி அலுவலகத்துக்கு நேரில் வரவும்.

ஜெனீவா அந்த வரியை மறுபடி படித்தாள். சனிக்கிழமை சர்ச்சில் கல்யாணம். ஆர்லோ நாயைக்கூட அதட்டாதவன். முதலாமவனும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தான். இன்னொரு முறை அடி வாங்க அவளுக்குத் தெம்பில்லை. விஷயம் உண்மையென்றால் கல்யாணம் வேண்டாம் என்ற முடிவோடு காலையில் காரை எடுத்தாள்.

கவுண்டி அலுவலகக் கவுண்டரில், தொப்பியைக் கழற்றக்கூட மறந்து, ஆர்லோ ஒரு கோப்பைப் படித்துக்கொண்டிருந்தான். அட்டையில் அவள் பெயர். ஊரெல்லாம் அடுத்தவர் பெயரைத் தட்டிப் பார்க்கும். தன் பெயரைத் தட்டிப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

“எங்க வீட்லயும் ஒரு லொரைன் இருக்கா,” என்று அசடு வழிந்தான் ஆர்லோ. “கண்காட்சியில கேக் போட்டி நடுவர் மூஞ்சியில கேக்கை அப்பினியாமே?”

“ரெண்டாம் பரிசு குடுத்தான்.”

“அப்ப சரி.”

அவள் சிரிக்கவில்லை. அவனுடைய கோப்பைக் கேட்டு வாங்கினாள். கால்பந்து மைதானத்தில் எதிர் அணியின் சின்னமான காளை வேஷக்காரன், ஆர்லோவின் அம்மா தலையில் சோடாவைக் கொட்டியிருக்கிறான். ஆர்லோ காளையைக் குப்புறத் தள்ளி, அதன் தலையைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். தலையைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேள் என்று தீர்ப்பு.

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, வந்த காரியத்தை நேராகவே கேட்டாள். “கோபம் வந்தா என்னை அடிப்பியா?”

ஆர்லோ தொப்பியைக் கழற்றினான். “மாட்டேன், ஜெனீவா. வெளியில போய் நின்னுக்குவேன். எங்கப்பா அடிச்சு எங்கம்மா அழுததைப் பாத்து வளந்தவன் நான்.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் அவளுக்கு இந்தப் பதிலைச் சொன்னதில்லை.

கவுண்டருக்குள் இருந்த குமாஸ்தா மாக்சின் இருவரையும் பார்த்தாள். “சனிக்கிழமை கல்யாணம்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. கல்யாண உரிமம் வாங்கினீங்களா? ரெண்டு பேரும் நேர்ல வந்தாத்தான் தருவோம்.”

கேக்கிலிருந்து பாட்டு வரை எல்லாம் ஏற்பாடு செய்தவர்களுக்கு அது மட்டும் மறந்து போயிருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து ஜன்னலிலேயே உரிமத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள்.

சாயங்காலம் லொரைன் போன் செய்தாள். குரல் படபடத்தது. “மறுபடியும் பாத்தேன்டி. அவன் பேர்ல இன்னிக்குப் புதுசா ஒண்ணு ஏறியிருக்கு.”

“அது நான்தான்க்கா,” என்றாள் ஜெனீவா.