இணைப்பில் உறங்கியவர்

குளிர்பதனப் பெட்டி நிறுவனத்தின் தொலைபேசிப் புகார்க் கூடத்தில் முற்பகல் வெயில் கண்ணாடி வழியே இறங்கி, மேசைக்கு மேசை மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. புதியவள் காதுக்கருவியைப் பொருத்தி, முகம் மலர வணக்கம் சொன்னாள். பார்ப்பவர் எவருமில்லை எனினும் சிரித்தே பேசவேண்டும். அழைத்தவர் வைக்குமுன் இவள் வைக்கலாகாது. சேர்ந்த நாள்முதல் இரண்டிலும் அவள் வழுவியதில்லை. இன்று மாலைவரை வழுவாதிருந்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால், மூட்டை சுமந்து முறிந்த கணவனின் முதுகுக்கு நிறுவனக் காப்பீட்டில் அறுவைச் சிகிச்சை.

அழைத்தவர் ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்படி வேலை செய்பவர். பெட்டி குளிரவில்லை என்றார். இரவுப் பணி முடித்து இப்போதுதான் வந்ததாகவும் சொன்னார். பழுதுபார்ப்பவர் எப்போது வருவார் என விசாரிக்க, அவரைச் சற்றுக் காத்திருக்கவைத்தாள். மீண்டபோது மறுமுனையில் மெல்லிய குறட்டை.

"ஐயா, லைன்ல இருக்கீங்களா?"

மூச்சு ஏறி, தங்கி, இறங்கியது, கழிமுகத்து நீரைப்போல. அதனடியில் மின்விசிறியின் கறகறப்பு. எங்கோ ஒரு குழந்தையின் மழலை. இப்படியொரு உறக்கம் கணவனுக்கு வாய்த்து எத்தனை காலமாயிற்று! அவளுக்கும் இமைகள் கனத்தன. கூடம் முழுதும் ஓசையின்றி நீரில் மிதந்து செல்வதாகத் தோன்றிற்று.

"என்ன தாயே, தாலாட்டு நடக்குதா?" மேற்பார்வையாளர் அக்கா பின்னால் நின்றாள். "எத்தனை பேர் காத்துக்கிட்டு இருக்காங்க பாரு."

"தூங்கிட்டாருக்கா. நான் வைக்கக் கூடாதே."

"நான்தான் சொல்றேன்ல. வச்சிடு."

வைத்தாள். திரையில் விதிமீறலைக் காட்டி அவளுடைய எண் சிவந்தது. நிமிர்ந்தபோது அக்கா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் உள்தொலைபேசி ஒலித்தது. பேசியவள் நான்கு இருக்கைகளுக்கு அப்பால் இருந்த அக்காதான்.

"வணக்கம். காத்திருந்ததற்கு நன்றி. இந்த முறை உங்களை நிரந்தரமாக்க இயலவில்லை. நாளை முதல் நீங்கள் வர வேண்டியதில்லை."

"அக்கா, நீங்கதானே வைக்கச் சொன்னீங்க?"



"வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

மரத்தடுப்புக்கு மேலே அக்காவின் முகம் தெரிந்தது. இதழ்கள் சிரித்தபடியே இருந்தன. கண்கள் மட்டும் மேசையை விட்டு எழவில்லை.