அட்டை மாற்றியவள்

"மூணு மணி நேரம் நாப்பது நிமிஷம்" என்று வாசித்துவிட்டு, போலீஸ்காரர் அந்த நீளச் சீட்டை யுன்ஷியாவின் பக்கம் திருப்பிக் காட்டினார். "கடைசியா வண்டி ஓட்டுனது நீங்கதானேக்கா? உங்க டிரைவர் அட்டைதான் பதிவாகியிருக்கு."

லாரியில் ஓட்டும் நேரத்தைப் பதிவு செய்யும் கருவி துப்பிய சீட்டு அது. யுன்ஷியா அதைப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் தெலின் உட்கார்ந்திருந்தார், கணவரின் அண்ணன். ஊரான ஹெனானிலிருந்து ரயிலேறி, கான்சுவில் இந்த நெடுஞ்சாலை ஓய்வுத்தலம் வரைக்கும் வந்தவர். காலையில் சுடுகாட்டில் வாங்கிய பெட்டி சிவப்புத் துணி சுற்றி அவர் மடியில் இருந்தது. அதற்குள்தான் இப்போது அவள் கணவர் தெஷான், சாம்பலாக.

"பதில் சொல்லு. நீயா ஓட்டுன?" என்றார் தெலின்.

"ஆமா மாமா."

"அவன்?"

"பின்னாடி படுத்திருந்தாரு."

"பக்கத்துல மனுஷனுக்கு உயிர் போகுது. நீ ரோட்டப் பாத்துட்டு வந்திருக்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டட்டும். உண்மையைவிட இது தேவலை.

ஹாமியில் முலாம்பழம் ஏற்றிக்கொண்டு கிளம்பியதிலிருந்து தெஷான்தான் ஓட்டினார். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை இருபது நிமிஷம் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தாவிட்டால் கருவியிலிருந்து ஒரு பெண்குரல் கத்தும்: களைப்பாக இருக்கிறீர்கள், ஓய்வெடுங்கள். தெஷான் அவளுக்குச் சின்ன வீடு என்று பேர் வைத்திருந்தார். "சின்னவ ஆரம்பிச்சுட்டா, பெரியவளே. போய் அவ வாய அடை!" வண்டியை ஓரங்கட்டுவார். யுன்ஷியா அவருடைய அட்டையை உருவிவிட்டுத் தன்னுடையதைச் சொருகுவாள். கணக்கு பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும். ஓட்டுவது அதே ஆள்தான். அந்த வழியில் போகும் புருஷன் பெண்டாட்டி எல்லாருமே செய்கிற வேலை. அதற்காகவே அவளைக் கனரக லைசன்ஸ் எடுக்க வைத்தார். மூன்று தடவை தோற்று நாலாவதில் தேறினாள். அப்புறமும் சாவியைக் கொடுக்கவில்லை. "உன் கையில குடுத்துட்டு எனக்குத் தூக்கம் வருமாடி?"

முந்தாநாள் சின்னவள் கத்தியபோது அவர் இடது தோளைப் பிசைந்துகொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை.

"கொஞ்சம் இறங்கி நில்லுங்களேன். சாயங்காலம் போனா என்ன?"

"பழம் உனக்காகக் காத்துக்கிட்டிருக்குமா? மாத்துடி."

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அட்டையை மாற்றினாள். அந்தக் கோபத்தில் வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் பேசவில்லை. இந்த ஓய்வுத்தலத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி, கதவைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். கருவி சொன்னது, சரியாகச் சொன்னது. அதன் வாயைத் தன் கையாலேயே அடைத்தவள் அவள். இந்த ஒன்று மட்டும் தெலினுக்குத் தெரியக் கூடாது. அவருக்குத் தெரிந்தால் மாமியாருக்கும், பள்ளி விடுதியில் இருக்கும் மகளுக்கும் தெரியும். அப்புறம் எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குள் நுழைவது?

தெலின் போனை எடுத்து ஊருக்குப் பேசினார். "அம்மா, அழாத. கேளு... அவன் தூங்கிட்டுதான் வந்தானாம். ஆமா, நாலு மணி நேரம். கஷ்டப்படல." போனை வைத்துவிட்டு யுன்ஷியாவிடம் திரும்பினார். "நல்லாத் தூங்கினானா?"

"குறட்டை விட்டாரு, மாமா."

தெலின் பெட்டியின் மேல் கையை வைத்து மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

போலீஸ்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியை நீட்டினார். "வண்டிய எடுத்துடுங்கக்கா. ரெண்டு நாளா வெயில்ல நிக்குது, நாத்தம் தாங்கல. லைசன்ஸ்தான் இருக்கே. அவ்வளவு தூரம் ஓட்டுனவங்க, இத ஓட்ட மாட்டீங்களா?"

வண்டிக்கடியில் பழச்சாறு சொட்டி ஈ மொய்த்தது. தெலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமாக ஏறி அவளுடைய இருக்கையில் உட்கார்ந்தார். அவள் கைப்பிடியைப் பற்றி, டிரைவர் பக்கம் முதல் தடவையாக ஏறினாள். சாவியைத் திருகினாள். கிளட்சை மிதிக்கக் காலை நீட்டினாள்.

எட்டவில்லை.

இடுப்பை நகர்த்தி நுனிக்கு வந்தாள். கட்டைவிரல் மட்டும் பட்டது. தெஷான் நெடிய ஆள்; இருக்கை அவர் கால் அளவுக்குப் பின்னால் தள்ளியே இருந்தது. இருக்கைக்கு அடியில் கையை விட்டு நெம்புகோலைத் தேடி இழுத்தாள். துரு. அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். நிமிர்ந்து பார்த்தால், தெலின் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, பின்னால் இருந்த படுக்கையைப் பார்த்தார். அதில் ஆள் படுக்க இடமில்லை. அரிசிக் குக்கர், தண்ணீர்க் கேன்கள், முட்டைக்கோஸ் மூட்டை. எல்லாவற்றுக்கும் அடியில், கயிற்றுக்கட்டு அவிழாமல் ஒரு ரஜாய்ப் போர்வை.

யுன்ஷியா வாயைத் திறந்தாள். "மாமா..."

அவர் பெட்டியை மடியிலிருந்து இறக்கிக் காலடியில் வைத்தார். குக்கரை நகர்த்தினார். மூட்டையைத் தள்ளினார். ரஜாயைக் கட்டோடு உருவி, அவள் முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவில் திணித்து, கையால் அழுத்திப் பார்த்தார்.

"இப்ப எட்டுதா?"

"எட்டுது."

அவர் குனிந்து பெட்டியை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.