உங்கை கிடக்கிறது

காலையிலிருந்து புத்தூர் மரக்கறிச் சங்கத்தின் இணையத்தளம் திறக்கவில்லை. அதைப் பராமரிப்பது நான்; தரவுத்தளத்தின் பாஸ்வேட்டை மாற்று என்று என் உதவியாளன் கஜீவனிடம் சொல்லியிருந்தேன். அவன் அமைப்புக் கோப்பில் மட்டும் மாற்றிவிட்டு, தளத்தின் மென்பொருள் ஓடும் பெட்டிகளான கொன்ரெய்னர்களை மறுபடி ஏற்றியிருக்கிறான். ஒரு வேலையை முழுதாகச் செய்தால் அவன் கஜீவன் இல்லை. தரவுகள் தங்கும் இடத்துக்கு வொலியூம் என்று பெயர். பழைய பாஸ்வேட்டும் அதற்குள்தான் கிடக்கும். கொன்ரெய்னரை எத்தனை தரம் மாற்றினாலும் அது அசையாது, புதியதோடு வரும் தளத்தை உள்ளே விடாது.

கொழும்புக் கடைகள் தந்த ஓடர்கள் எல்லாம் சங்கத்தின் சேர்வரில் இருக்கும் அந்த வொலியூமில்தான், வேறு பிரதி இல்லை. சங்கத் தலைவர் பரமலிங்கம் பீற்றூட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். யாருக்கு எவ்வளவு என்று தெரியாமல் பின்னேரம் லொறி வெளிக்கிடாது.

நான் உடுவிலில் காய்ச்சலோடு படுத்திருந்தேன். கஜீவன் யாழ்ப்பாணத்தில், எங்கள் கந்தோரில், தன் மேசையில். அவனுடைய லப்டொப்பிலும் இதே அமைப்பு உண்டு, ஆனால் அதன் வொலியூமில் இருப்பது வெறும் பயிற்சித் தரவு. அதை அழித்துப் புதிதாக ஏற்றிப் பார்த்தால் கோளாறு பாஸ்வேட்தானா என்று தெரிந்துவிடும். தொலைபேசியில் சொன்னேன்.

"தம்பி, முதலிலை கொன்ரெய்னரை நிப்பாட்டி எடு. பிறகு உங்கை கிடக்கிற வொலியூமை அழி."

"ஓம் அக்கா."

அவன் விசைகளைத் தட்டுவது கேட்டது.

"அழிஞ்சுதோ?"

"இல்லை அக்கா. பாவனையிலை கிடக்காம், அழிக்க ஏலாதாம்."

"அப்ப நீ கொன்ரெய்னரை எடுக்கேல்லை. முதல் அதை எடு எண்டு சொன்னனான் எல்லோ. காதை எங்கை வைச்சிருக்கிறாய்?"

"மறந்துபோனன். இப்ப எடுக்கிறன். சங்கத்து ஆக்கள் ஏசமாட்டினமோ?"

"உன்ரை லப்டொப்பிலை செய்யிறதுக்கு அவை ஏன் ஏசினம்?"

"லப்டொப்பிலையோ? நான் சேர்வருக்குள்ளை எல்லோ நிக்கிறன். உங்கை கிடக்கிறதை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

எங்கள் பேச்சில் உங்கை என்றால் கேட்கிறவன் இருக்கும் பக்கம். நான் சொன்னது அவன் மேசையில் இருந்த லப்டொப்பை. அவன் கண்ணுக்கு முன்னால் திரையில் திறந்து கிடந்ததோ சங்கத்தின் சேர்வர். காய்ச்சல் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை, உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

"கையை எடு. ஒண்டையும் தொடாதை."

பிறகு அவனைப் பழைய பாஸ்வேட்டால் தரவுத்தளத்துக்குள் நுழையவைத்து, அங்கேயே அதைப் புதியதாக மாற்றவைத்தேன். தளம் திறந்தது. ஓடர்கள் ஒன்றும் குறையாமல் இருந்தன. பரமலிங்கத்துக்குச் செய்தி போனது.

"அக்கா, முதல் சொன்னதை மறந்ததுக்குக் கோவியாதையுங்கோ. இனிமேல் நீங்கள் சொல்லுறதைச் சொன்னபடி செய்வன்."

நான் சொன்னபடி அவன் செய்திருந்தால் ஒரு ஓடரும் மிஞ்சியிராது.

"கோவமில்லை, தம்பி" என்றேன். அதற்குமேல் கதைக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது.